பெரட்டில் சொன்னதற்கு ஆவணம் இல்லை

பிறர் எழுதியதையெல்லாம் வாசிப்பதும், வாசித்ததை எவரிடமும் சொல்லாமல் இருப்பதும்தான் எங்கள் தொழில். சம்பளத்தில் பெரும்பங்கு இரண்டாவதற்கு.

ஆவண மீளாய்வு என்று இதற்கு மரியாதையான ஒரு பெயர் உண்டு. பெரிய இடத்து வழக்குகளில் இரு தரப்பாரும் தத்தம் மின்னஞ்சல்கள், அறிக்கைகள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தக் குவியலை ஒவ்வொன்றாகத் திறந்து, வழக்குக்குத் தொடர்புடையதா இல்லையா என்று பிரிக்க ஆட்கள் வேண்டும். கறுப்புக் கோட்டு தைத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ள வழக்குக் கிடைக்காதவர்கள் அந்த வேலைக்குப் போகிறோம். கொஞ்ச காலத்தில், பகுப்பாய்வு என்ற பெயரில் ஓர் இயந்திரம் எங்கள் முடிவுகளைப் பார்த்துப் பழகி, எங்களைப் போலவே பிரிக்கத் தொடங்குகிறது.

திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவர்களே, "இணைப்பைப் பார்க்கவும்" என்ற வரியைக் கண்டாலே நெஞ்சு கனக்கிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் வழக்கு முடிந்துவிட்டது. கம்பனியின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பற்கள் உண்டு.

லொறியின் பந்தி

ஹட்டனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். கடை ரிஸ்வானின் வாப்பாவுடையது. ரிஸ்வானும் சட்டத்தரணி, என்னைவிட இளையவர், எதையும் நம்பாதவர். எங்கள் இருவரோடு இன்னும் மூன்று பேர். தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த, தோட்டத்து நடைமுறை புரிந்த சட்டத்தரணிகள் வேண்டும் என்று கொழும்பிலிருந்து தேடியபோது, இந்தப் பக்கத்தில் அப்படிக் கையோய்ந்து இருந்த எல்லோரும் அந்த மாடியில் வந்து சேர்ந்தோம். திலினி என்ற மேற்பார்வையாளர் தினமும் காலையில் திரையில் தோன்றி வேலையைப் பிரித்துக் கொடுப்பார். நல்ல பெண். தேநீர் குடித்தாயிற்றா என்று கேட்காமல் எந்தக் கூட்டத்தையும் தொடங்கமாட்டார்.

வழக்கு இதுதான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மலைச்சரிவு இடிந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் மேல் விழுந்தது. கட்டடம் போனது, வாசலில் நின்ற லொறி போனது, ஒரு தொழிலாளியும் போனார். தோட்டக் கம்பனி காப்புறுதி கேட்டது. "சரிவு வெடித்துப் பிளந்திருந்தது உங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தீர்கள், ஆகவே தரமாட்டோம்" என்றது காப்புறுதிக் கம்பனி. "எங்களிடம் யாரும் சொல்லவில்லை" என்றது தோட்டக் கம்பனி. நாங்கள் தோட்டக் கம்பனியின் தரப்பு. அந்தச் சரிவைப் பற்றி யாராவது எப்போதாவது நிர்வாகத்திடம் முறையிட்டிருக்கிறார்களா என்று ஆவணங்களில் தேடுவது எங்கள் வேலை. எதுவும் அகப்படாவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

வழக்குச் சுருக்கத்தில் கட்டடத்துக்கு ஒரு பந்தியும் லொறிக்கு ஒரு பந்தியும் ஒதுக்கியிருந்தார்கள். இறந்தவர் லொறியின் பந்தியில், கடைசி வரியில் வந்தார். அவர் லொறி ஓட்டியவரா என்று திலினியிடம் கேட்டேன். இல்லை, உள்ளே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர் என்றார். அப்படியானால் நியாயப்படி அவர் கட்டடத்தின் பந்தியில் அல்லவா வரவேண்டும் என்று, பிறவிக் குணத்தை அடக்கமுடியாமல், சுட்டிக்காட்டினேன். திலினி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "வழக்கு ஆளைப் பற்றியதில்லை மிஸ், அதனால் அவர் எந்தப் பந்தியில் இருந்தாலும் பரவாயில்லை."

ஒரே அறையில் எல்லோரும்

மாடிப்படியில் இருந்த என் சட்டத்தரணிப் பெயர்ப்பலகையை நான் கழற்றவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் பிற்பகல் ஒரு பெண் ஏறி வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, கையில் மடக்கிய குடை, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். புவனேஸ்வரி என்று பெயர் சொன்னார். மடுவத்தில் இறந்துபோன தங்கவேலுவின் மனைவி. லொறியின் பந்தியில் வந்தவருக்குப் பெயர் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நாங்க குடியிருக்கிற லயம் அந்தச் சரிவுக்குக் கீழதாங்க இருக்கு லோயரம்மா" என்றார். "மடுவத்து மேல விழுந்தது பாதி. மிச்ச மலை எங்க தலைக்கு மேல பொளந்துகிட்டு நிக்குது. அவரு இருக்கையிலயே, காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல பல தடவ சொன்னாரு. மலை வெடிச்சிருக்குங்க, வந்து பாருங்கன்னு. யாரும் வரல. இப்ப வேற எடம் குடுங்கன்னு கேட்டா, கேஸு முடியிற வரைக்கும் யாரும் நவுரக் கூடாதுன்னு கண்டாக்கு சொல்றாரு. எங்கள மாத்துனா மலை ஆபத்துன்னு கம்பனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம்."

எங்கள் வழக்கின் நுட்பமான புள்ளி அது. கொழும்பில் பலர் உட்கார்ந்து யோசித்து, இரகசியம் என்று முத்திரையிட்டு வைத்திருந்தது. வெளிக்கள அதிகாரியான கண்டாக்கு அதை லயத்து வாசலில் நின்று எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார்.

"அவரு செத்ததுக்குக் கேஸு போட நான் வரலைங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. லயத்துல எட்டுக் குடும்பம் இருக்கு. பெரிய மழைக்கு முந்தி எங்கள அங்கேருந்து எடுக்கணும். அம்புட்டுதான்" என்றார்.

எதிர்த்தரப்பு என்று வரக்கூடிய ஒருவருக்கு நான் ஆலோசனை சொல்லமுடியாது. அதைச் சட்டம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எடுத்துச் சொல்லி, நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். புவனேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வாரம் அவர் டிக்கோயாவில் போய்ப் பார்த்த லோயர் ஜன்னலோரம் இருந்தார். அதற்கு முந்தின வாரம் பார்த்தவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். இருவரும் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். புவனேஸ்வரி காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, கோபமேயில்லாமல் கேட்டார்: "அப்ப ஹட்டன் பக்கம் இருக்கிற லோயருங்க எல்லாரும் ஒரே ரூமுலதான் குந்தியிருக்கீங்களா?"

குளியல் தொட்டி

குவியலை அப்படியே வாசிக்கமுடியாது. தேடுசொற்களைப் போட்டு வடிகட்ட வேண்டும். அபாயம் என்ற பொருளில் உள்ள சொற்களைப் போட்டோம். சிறுத்தை நடமாட்டம் பற்றிய அறிவித்தல்களும், தொழிற்சாலையின் தீயணைப்புக் கருவி காலாவதியானது பற்றிய நினைவூட்டல்களும் வந்தன. வெடிப்பு என்ற பொருளில் உள்ள சொற்களைப் போட்டோம். ஒரு பெரிய தொடர் வந்து விழுந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பங்களாவில் தொரையின் குளியல் தொட்டியில் விழுந்த வெடிப்பு அது. தொரை என்பது தோட்டத்தின் முகாமையாளர்; வெள்ளைக்காரன் போனாலும் பெயர் போகவில்லை. முதல் மின்னஞ்சல், அதற்கு நினைவூட்டல், தலைமையகத்தின் பதில், பல கோணங்களில் எடுத்த படங்கள், அளவுகோல் வைத்து எடுத்த இன்னொரு படம், பொறியியலாளரின் வருகை, வெடிப்பு பரவக்கூடும் என்ற அவரது கருத்து, உடனடி நடவடிக்கை தேவை என்ற பரிந்துரை, புதிய தொட்டி வந்து சேர்ந்ததற்கு நன்றி. ஒரு வெடிப்பை எப்படி ஆவணப்படுத்த வேண்டும் என்பதற்குச் சட்டக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம். எல்லாவற்றையும் வாசித்து முடித்துத் "தொடர்பில்லாதது" என்ற பொத்தானை அழுத்தினேன். பக்கத்துக் கதிரையிலிருந்து எட்டிப் பார்த்த ரிஸ்வான் சொன்னார்: "தங்கவேலு அந்தத் தொட்டிக்குள்ள நின்னு சொல்லியிருந்தா கேட்டிருக்கும் மேடம்."

படத்தில் ஒரு புள்ளி

பகுப்பாய்வு என்றால் என்னவென்று வெளியார் கேட்கும்போது நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன். யார் யாருக்கு எழுதினார்கள் என்பதை இயந்திரம் கணக்கிட்டு, ஆளுக்கொரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துத் தரும். அதிகம் எழுதுபவருக்குப் பெரிய புள்ளி. தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளலாம் என்றார் திலினி.

பார்த்தோம். நடுவில் தொரை, சூரியனைப் போல. சுற்றிலும் தலைமையகத்தார், தரகர்கள், உர விற்பனையாளர். ஓரத்தில் சிறு கடுகாகக் கண்டாக்கு. அவருக்குக் கீழே ஒன்றுமில்லை. தோட்டத்தில் மலையேறிக் கொழுந்து பறிக்கும் அத்தனை பேரும் இருந்திருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அவர்கள் யாருக்கும் எழுதவில்லை, அவர்களுக்கும் யாரும் எழுதவில்லை. ஆகவே இயந்திரத்தின் கணக்கில் அவர்கள் பிறக்கவில்லை. ஆனால் தொரைக்குப் பக்கத்தில், தடித்த கோட்டோடு, டைகர் என்று ஒரு புள்ளி இருந்தது. விசாரித்ததில் அது பங்களாவின் நாய். மிருக வைத்தியர் அதன் பெயருக்கே தடுப்பூசி நினைவூட்டல்களை அனுப்பிவந்திருக்கிறார்.

அதை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். தரவை நாம் திருத்தக்கூடாது என்றார் திலினி. நீதிமன்றத்துக்கு அனுப்பும் பிரதியிலும் அது இருக்கும் என்றார். ரிஸ்வான் தன் தேநீரைக் கீழே வைத்தார். "பரவால்ல மேடம், இருந்துட்டுப் போகட்டும். சாட்சிக்குக் கூப்பிட்டா அதாவது உண்மையக் குலைக்கும்."

உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்

முறைப்பாடு எதுவும் அகப்படவில்லை என்று திலினி இடைக்கால அறிக்கை எழுதத் தயாரானார். இல்லாததை இல்லை என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கே தேடியதில் இல்லை என்று எழுதாததில்தான் ஆட்சேபம். அதனால் பெரட்டு என்றால் என்னவென்று அவருக்கு விளக்கப் போனேன்.

நான் பிறந்ததும் லயத்தில்தான். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்பது. பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரிப்பார்கள். அது முடிந்ததும், சொல்ல வேண்டியது உள்ளவர்கள் முன்னால் வந்து சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், குடியிருக்கும் காம்பரா ஒழுகுகிறது, தங்கச்சிக்குக் கலியாணம். கண்டாக்கு கேட்டுக்கொண்டு "பாப்போம்" என்பார். பெரட்டில் சொல்லிவிட்டால் தொரைக்குச் சொன்ன மாதிரி. அதையே கடுதாசியாக எழுதிக் கொடுத்தால், பெரட்டில் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும், முறைத்துக்கொண்டதாக அர்த்தம். மரியாதை தெரிந்த ஆள் எழுதமாட்டார். தோட்டத்தில் மிக மரியாதையானவருடைய முறைப்பாடுதான் எந்த ஆவணத்திலும் இருக்காது.

திலினி கவனமாகக் கேட்டார். குறிப்புக்கூட எடுத்தார். பெரட்டில் எதை எழுதுவார்கள் என்று கேட்டார். வந்தவர்களின் பெயரும் அவர்கள் போன மலையும் மட்டும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் ஏறும் என்றேன். பிறகு உண்மையிலேயே உதவும் எண்ணத்தோடு கேட்டார்: "சரி மிஸ், அவர் வாயால் சொன்னதைப் பிறகு யாராவது மின்னஞ்சலில் உறுதிப்படுத்தினார்களா?"

இயந்திரத்துக்குப் பாடம்

எங்களுக்குத் தந்திருந்த விதிக்கோவையை நான் ஒருத்திதான் முழுதும் வாசித்தவள் என்று நினைக்கிறேன். அதன் நடுவில், யாரும் மிதிக்காத ஓர் இடத்தில், "சரிவின் நிலையை நிர்வாகம் அறிந்திருக்கக்கூடிய சந்தர்ப்பங்களைக் காட்டும் ஆவணங்களும் தொடர்புடையவை" என்று இருந்தது. அதை எழுதியவர் கூட்டங்களையும் மேற்பார்வை வருகைகளையும் மனதில் வைத்திருப்பார். எழுதியவரின் மனதை வாசிப்பது என் வேலையில்லை, எழுத்தை வாசிப்பதுதான். தங்கவேலு பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு காலையும் அப்படியொரு சந்தர்ப்பம். ஆகவே அவர் வேலை செய்த பிரிவின் செக்ரோல் தாள் ஒவ்வொன்றும் தொடர்புடையது. அப்படியே அழுத்திக்கொண்டு போனேன். குறிப்புப் பெட்டியில் ஒவ்வொரு தடவையும் ஒரே வரி: "இங்கு முறைப்பாடு வாயால் சொல்லப்படும், எழுதப்படுவதில்லை."

இயந்திரத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். நாம் எதைத் தொடர்புடையது என்கிறோமோ, அதைப் போன்றதையெல்லாம் தேடி எடுத்து வரிசையின் முன்னால் கொண்டுவந்து வைக்கும். ஒரு வாரத்தில் அதற்குச் செக்ரோல் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கெங்கோ புதைந்து கிடந்த தாள்களையெல்லாம் தோண்டிக்கொண்டு வந்து, "மிக முக்கியமானவை" என்ற தலைப்பின் கீழ் அடுக்கியது. கொழும்பிலிருந்த சிரேஷ்ட சட்டத்தரணி தினமும் காலையில் வாசிப்பது அந்த அடுக்கைத்தான். திலினி பதறிப்போய் அழைத்தார். விதிக்கோவையின் அந்த வரியைத் திரையில் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னார்: "இந்த விதிகளை வாசிக்கச் சொல்லி அவர்களுக்கு யார் கொடுத்தது?"

சிரேஷ்டரின் கேள்வி

மறுநாள் சிரேஷ்டரே என்னை அழைத்தார். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். நீதிமன்றத்தில் பழகிய, அவசரமில்லாத குரல்.

"பிள்ளை, நான் ஆபத்தைப் பற்றிய ஆவணம் கேட்டேன். எனக்குப் பெயர்ப்பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. இதில் முறைப்பாடு எங்கே?"

"முறைப்பாடு இல்லை ஐயா. அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன."

கீழே கடையில் யாரோ சேலைக்கு விலை பேசுவது கேட்டது.

"எதிர்த்தரப்பு இதை இப்படி வாசிக்குமா?"

"லயத்தில் பிறந்த ஒருவர் அங்கே வேலை செய்தால் வாசிப்பார் ஐயா."

"அந்தச் சரிவுக்குக் கீழே இப்போது ஆட்கள் இருக்கிறார்களா?"

"எட்டுக் குடும்பம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்."

அவர் கணக்குப் போடுவதை என்னால் கேட்க முடிந்தது. வழக்கு நடக்கும்போதே மலை மறுபடி விழுந்தால், அதுவும் ஆட்கள் மேல் விழுந்தால், செக்ரோலில் பெயருள்ள ஒவ்வொருவரும் சாட்சிக்கூண்டில் ஏறுவார்கள். இரக்கம் அந்தக் கணக்கில் எங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அவர் அதைக் காட்டிக்கொள்ளும் ஆளில்லை. கடைசியில் சொன்னார்: "அவர்களை அங்கிருந்து எடுக்கச் சொல்கிறேன் பிள்ளை. ஆனால் காரணம் இதுவாக இருக்காது."

கூரை

காரணம் கூரையாக இருந்தது. லயத்தின் கூரைத் தகரங்கள் பழுதானதால் அவற்றைத் திருத்தும்வரை குடியிருப்போர் தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைக்கப்படுகின்றனர். மலை என்ற சொல்லே அதில் வராது. இதை நான் ஆவணத்தில் வாசிக்கவில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் புவனேஸ்வரி சொல்லித்தான் தெரியும். வழக்கைப் பற்றி அவரோடு பேசக்கூடாது, கூரையைப் பற்றிப் பேசலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு நின்று கேட்டேன்.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்தில் எட்டுக் குடும்பத்தையும் போட்டிருந்தார்கள். ஒரே மண்டபம். சேலையைக் கயிற்றில் கட்டி ஆளுக்கொரு பங்கு. குழந்தைகள் இப்போது வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் கிடக்கிறார்கள். ஒரு தண்ணீர்க் குழாய். புவனேஸ்வரியின் மூத்த மகள் பரீட்சைக்குப் படிக்க இடமில்லாமல் கோவில் படியில் உட்கார்ந்து படிக்கிறாள். "சண்டை நாளுக்கு நாலு நடக்குது. ஆனா தூங்குறோமுங்க. அங்க மழை பேஞ்சா மேலயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்போம்" என்றார்.

கூரை வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். காரணம் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத் தகரம் முழுவதையும் கழற்றிவிட்டார்களாம். கழற்றியதோடு வேலை நின்றுவிட்டது. சுவரில் மழை இறங்கிக்கொண்டிருக்கிறது. விட்டுவந்த அலுமாரி ஊறிப்போய்விட்டது. அக்கரப்பத்தனை பஸ் வந்து நின்றதும் ஏறப் போனவர் திரும்பிச் சொன்னார்: "திருத்தப் போறோம்னு சொல்லி அம்புட்டுத் தகரத்தையும் லொறியில ஏத்துனாங்க லோயரம்மா. ரொம்பச் சீக்கா இருக்கு, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கா கொண்டு போறீங்கன்னு கண்டாக்கையே கேட்டுப்புட்டேன்."

தேறியவர்

இதற்கிடையில் இயந்திரம் தேறிவிட்டது. எங்கள் முடிவும் அதன் முடிவும் ஒத்துப்போவதால் இனி வாசிக்க ஆட்கள் தேவையில்லை என்று திலினி அறிவித்தார். அன்றைக்கும் தேநீர் குடித்தாயிற்றா என்று கேட்கத் தவறவில்லை. அவருடைய வேலையும் அந்த மாதத்தோடு முடிகிறது என்பதைக் கடைசியில்தான் சொன்னார்; அதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. இரு கம்பனிகளும் சமாதானமாகப் போவதாகக் கேள்விப்பட்டோம். யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியைத் தீர்க்காமலே வழக்கு தீர்ந்தது.

கணினிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பினோம். ரிஸ்வானின் வாப்பா அந்த மாடியைச் சாமான் அறையாக்கப் போவதாகச் சொன்னார். என் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றவில்லை, மரியாதைக்காக. ரிஸ்வான் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்மள மாதிரியே யோசிக்கப் பழகிருச்சாம் மேடம். பாவம், அதுக்கும் இனி வேல கெடைக்காது."

மழைக்குப் பிறகு

பெரிய மழை வந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பிற்பகலில், பெண்கள் கொழுந்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோது மிச்ச மலையும் வந்தது. கூரையில்லாத லயத்தின் மேல் படுத்தது. எட்டுக் காம்பராவில் ஐந்து மண்ணுக்குள் போயின. புவனேஸ்வரியின் காம்பரா அந்த ஐந்தில் ஒன்று. உள்ளே யாரும் இருக்கவில்லை.

பாதை திறந்ததும் அவர் ஹட்டனுக்கு வந்தார். சேலைக் கட்டுகளுக்கு நடுவே பழைய மேசையில் நான் மட்டும் இருந்தேன். இப்போது அவருக்கும் எனக்கும் குறுக்கே எந்த வழக்கும் இல்லை. அவர் எதிரே உட்கார்ந்ததும் முதலில் சொன்னது வீட்டைப் பற்றி. பிள்ளைமடுவத்திலிருந்தும் போகச் சொல்கிறார்களாம். தற்காலிகம் என்றுதானே வந்தீர்கள் என்கிறார்களாம். நிரந்தரமாக ஓர் இடமும் அதற்கு உறுதிப்பத்திரமும் வேண்டும். அது நடக்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தொழிலில் நான் சொன்ன மிகத் துல்லியமான பதில் அதுதான்.

பிறகு பெரட்டில் நடந்ததைச் சொன்னார். லயம் விழுந்த மறுநாள் காலையில் கண்டாக்கு ஒரு கடுதாசியோடு வந்திருக்கிறார். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அதை உரக்க வாசித்திருக்கிறார். நிர்வாகம் உரிய காலத்தில் கூரைத் திருத்த வேலையைத் தொடங்கியதால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதே இடத்தில் நின்று தங்கவேலு சொன்னதைக் கேட்டவர்கள்தான் அவர்களும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"நீங்க?" என்று கேட்டேன்.

புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க உசுரக் காப்பாத்துனது கூரைத் தகரம்னு வாசிச்சாருங்க. அப்ப அந்தத் தகரத்துல ஒண்ணக் கொண்டாந்து, எங்க வீட்டுக்காரரு போட்டோவுக்குப் பக்கத்துல வச்சு, அதுக்கும் ஒரு மாலையப் போடுங்கன்னு சொல்லிட்டு, கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிட்டேன்."

இத்தனை காலம் பிறர் ஆவணங்களை வாசித்துப் பிழைத்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: வாயால் சொன்ன உண்மை உயிரைக் காப்பாற்றினாலும் காப்பாற்றும், ஆனால் குடியிருக்க ஓர் இடம் வேண்டுமென்றால் அதையே இரண்டு பிரதிகளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.